விம் விசைக் கட்டளைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெர்மினலில் கோப்புகளைத் திருத்த உதவும் விம் என்ற எடிட்டரைப் பற்றி, லினக்ஸ் சர்வர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். (விம் என்றதும் பாத்திரம் தேய்க்கிற சோப்பை நினைத்துச் சிரிப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடலாம்.)

விசைகளை ஒருவருக்கொருவர் வாயால் சொல்லிக்கொள்வது போலவே எழுதியிருக்கிறேன்: ஐ, டபிள்யூ, க்யூ என்று. 'பெரிய' என்று சேர்த்தால் ஷிஃப்டோடு அழுத்த வேண்டும். நம் காதுக்கு ஒரே மாதிரி கேட்கும் எழுத்துகளும் உண்டு. இந்தப் பக்கத்தில் 'டி' என்றால் டெலிட்டின் முதல் எழுத்து, 'பி' என்றால் பேஸ்டின் முதல் எழுத்து. வேறு டி வந்தால் அங்கேயே சொல்லிவிடுகிறேன்.

உள்ளே போயிட்டேன், வெளியே வர முடியல. என்ன பண்றது?

எஸ்கேப்பை அழுத்துங்கள். இரண்டு தடவை அழுத்தினாலும் கெடுதல் இல்லை. பிறகு கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். செய்த மாற்றம் எதுவும் சேமிக்கப்படாமல் வெளியே வந்துவிடுவீர்கள். சேமித்துவிட்டு வர வேண்டுமென்றால் கோலன், டபிள்யூ, க்யூ, என்டர். எஸ்கேப்புக்குப் பிறகு பெரிய இசட்டை இரண்டு தடவை தட்டினாலும் அதே வேலை நடக்கும்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் 2012-ல் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டார். 2017-க்குள் பத்து லட்சம் தடவைக்கு மேல் அந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தார்கள். அந்தத் தளமே அதைப் பற்றி ஒரு கட்டுரை போட்டது. என்னிடம் வந்து கேட்பவர்களில் பலர் விம்மைத் திறக்கவே இல்லை. கோப்பு மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட்டில் கமிட் கொடுத்தார்கள், குறிப்பு எழுத விம் அதுவாகத் திறந்துகொண்டது.

டைப் பண்ணா எழுத்து வரல, வரி காணாம போகுது. கீபோர்டு ரிப்பேரா?

கீபோர்டு நன்றாகத்தான் இருக்கிறது. விம் திறக்கும்போது நார்மல் மோடில் இருக்கும். அங்கே ஒவ்வொரு விசையும் ஒரு கட்டளை. நீங்கள் ஒரு சொல்லை அடித்தால், அதிலுள்ள எழுத்துகளைத் தனித்தனிக் கட்டளைகளாக எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்யும். எழுத வேண்டுமென்றால் முதலில் ஐ அழுத்தி இன்சர்ட் மோடுக்குப் போங்கள். அடியில் 'இன்சர்ட்' என்று காட்டும். எழுதி முடித்ததும் எஸ்கேப்.

ஐ கர்சருக்கு முன்னால் எழுத வைக்கும், ஏ கர்சருக்குப் பின்னால். பெரிய ஐ வரியின் தொடக்கத்துக்கும் பெரிய ஏ வரியின் கடைசிக்கும் கொண்டுபோய் எழுத வைக்கும். ஓ கீழே ஒரு புது வரி, பெரிய ஓ மேலே ஒரு புது வரி. இந்த ஆறும் போதும். எழுதாத நேரமெல்லாம் நார்மல் மோடில் இருப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்; யோசிக்கும்போது கை தானாக எஸ்கேப்புக்குப் போக வேண்டும்.

நானோ இருக்கும்போது இதை எதுக்குக் கத்துக்கணும்?

மாதத்துக்கு ஒரு கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி மாற்றுகிறவருக்கு நானோ என்ற எளிய எடிட்டரே போதும். ஆனால் நீங்கள் நுழைகிற எல்லா சர்வரிலும் நானோ இருக்காது. விம்முக்கு மூத்ததான விஐ, யூனிக்ஸுக்கான போசிக்ஸ் தரத்திலேயே இருக்கிறது. சின்ன கன்டெய்னர்களில் வருகிற, பல கட்டளைகளை ஒன்றாகக் கட்டிய பிஸிபாக்ஸுக்குள்ளும் ஒரு குட்டி விஐ உண்டு. நடு ராத்திரி ஏதாவது விழுந்து கிடக்கும்போது கையில் கிடைப்பது அதுதான்.

அம்புக்குறி விசை இருக்கே, எச் ஜே கே எல் எதுக்கு?

1976-ல் பெர்க்லியில் பில் ஜாய் விஐயை எழுதியபோது அவர் பயன்படுத்தியது ஏடிஎம்-3ஏ என்ற டெர்மினல். அதில் தனி அம்புக்குறி விசைகள் கிடையாது. எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே இடம், கீழ், மேல், வலம் என்று அம்புகள் அச்சிட்டிருக்கும். எஸ்கேப் விசையும் இப்போது டேப் இருக்கிற இடத்தில், சுண்டு விரலுக்கு எட்டும்படி இருந்தது. இப்போது அது மூலைக்குப் போய்விட்டதால் கை வலிக்கிறது என்பவர்கள் கண்ட்ரோலோடு இடது சதுர அடைப்புக்குறியை அழுத்தலாம், அதுவும் எஸ்கேப்தான்.

அம்புக்குறியைப் பயன்படுத்தினால் பாவம் ஒன்றுமில்லை. எச் ஜே கே எல் தெரிந்தால்தான் விம் தெரியும் என்று மிரட்டுகிறவர்களை நம்பாதீர்கள். ஒரு எழுத்து, ஒரு வரி என்று நகர்வதே மெதுவான வழி. எந்த விசையால் நகர்ந்தாலும் மெதுவுதான். சொல் சொல்லாகத் தாவ டபிள்யூ, வரியில் ஒரு எழுத்துக்கு நேராகப் போக எஃப் அழுத்தி அந்த எழுத்து, தூரத்துக்குப் போக ஸ்லாஷ் அழுத்தித் தேட வேண்டிய சொல். அடுத்த இடத்துக்கு என், முந்தைய இடத்துக்குப் பெரிய என். கோப்பின் கடைசிக்குப் பெரிய ஜி, முதல் வரிக்கு ஜி ஜி.

இத்தனை கட்டளையை எப்படி மனப்பாடம் பண்றது?

மனப்பாடம் செய்யாதீர்கள். சுவரில் ஒட்டி வைத்த கட்டளைப் பட்டியலைப் பார்த்து விம் கற்றவர் யாரையும் நான் பார்த்ததில்லை. இதற்கு ஒரு இலக்கணம் இருக்கிறது. டி என்றால் அழி, ஒய் என்றால் நகலெடு, சி என்றால் அழித்துவிட்டு எழுத விடு. இவை வினைகள். இவற்றுக்குப் பின்னால், முந்தைய பதிலில் பார்த்த நகர்வுகளில் எதையும் போடலாம். டி டபிள்யூ என்றால் அடுத்த சொல்வரை அழி. டி, டாலர் குறி என்றால் வரிக் கடைசிவரை அழி. டி, பெரிய ஜி என்றால் கோப்பின் கடைசிவரை அழி. அதே இடங்களில் டி-க்குப் பதில் ஒய் வைத்தால் நகல். வினையை இரட்டித்தால் முழு வரி: டி டி, ஒய் ஒய், சி சி. முன்னால் எண்ணும் வரலாம்: 3 டி டி மூன்று வரிகளை அழிக்கும். பத்து வினையும் இருபது நகர்வும் தெரிந்தால் இருநூறு கட்டளை கையில் இருக்கிறது, அதில் ஒன்றையும் தனியாகப் படிக்கவில்லை.

நம் ஆட்களுக்கு ஆரம்பத்தில் இது இடிப்பதற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். தமிழில் வினை கடைசியில் வரும். 'இந்த வரியை அழி' என்போம். விம்மில் வினை முதலில். அது ஒத்துவரவில்லை என்றால் வி அழுத்தி விஷுவல் மோடுக்குப் போய், நகர்ந்து, வேண்டியதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கடைசியில் டி தட்டலாம். முழு வரிகளுக்குப் பெரிய வி. ககூன், ஹீலிக்ஸ் என்ற எடிட்டர்கள் இந்த வரிசையையே அடிப்படையாக வைத்துச் செய்யப்பட்டவை.

ஆனாலும் வினை முதலில் வருகிற வழிக்கு மெல்ல வந்துவிடுங்கள். காரணம் புள்ளி விசை. கடைசியாகச் செய்த மாற்றத்தை, கர்சர் இருக்கும் இடத்தில் அது திரும்பச் செய்யும். டி டபிள்யூ செய்துவிட்டு வேறொரு சொல்லில் புள்ளி தட்டினால் அந்தச் சொல் எவ்வளவு நீளமோ அவ்வளவும் போகும். விஷுவல் மோடில் ஐந்து எழுத்தைத் தேர்ந்தெடுத்து அழித்திருந்தால் புள்ளி அடுத்த இடத்திலும் ஐந்தே எழுத்தைத்தான் அழிக்கும். அங்கே இருப்பது ஏழெழுத்துச் சொல் என்பது அதற்குத் தெரியாது.

ஐ அழுத்தினா இன்சர்ட்னு சொன்னீங்க. ஆனா 'சி ஐ மேற்கோள்'ல ஐ வேற எதுக்கோ வருதே?

ஐ தனியாக வந்தால் இன்சர்ட். வினைக்குப் பின்னால் வந்தால் 'உள்ளே' என்று பொருள். அதேபோல் வினைக்குப் பின் வரும் ஏ 'சுற்றியிருப்பதையும் சேர்த்து'. உதாரணத்துக்கு இந்த வரியை எடுத்துக்கொள்வோம்:

முகவரி = "12, பழைய தெரு, மதுரை"

கர்சர் 'தெரு'வில் நிற்கிறது. சி, ஐ, இரட்டை மேற்கோள் மூன்றையும் தட்டுங்கள். மேற்கோளுக்குள் இருப்பது மொத்தமும் போய், இரண்டு குறிகளுக்கு நடுவில் நீங்கள் எழுதத் தயாராக நிற்பீர்கள். கர்சர் அதே வரியில் மேற்கோளுக்கு முன்னால், 'முகவரி'யில் நின்றாலும் நடக்கும். விம் மேற்கோளைத் தேடிப் போகும். புது முகவரியை எழுதி எஸ்கேப். இன்னும் நாலு வரியில் அதே முகவரி வர வேண்டுமா? ஒவ்வொரு வரிக்கும் போய்ப் புள்ளி மட்டும் தட்டுங்கள்.

மேற்கோளுக்குப் பதில் அடைப்புக்குறி வைக்கலாம், ஒரு சொல்லுக்கு டபிள்யூ, பத்திக்குப் பி. எச்டிஎம்எல் டேக் என்றால் அந்த டேகின் முதல் எழுத்தான டி. விம்மில் ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொண்டு நிறுத்திவிடுவேன் என்பவருக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

ஒரு வரியை காப்பி பண்ணேன், வேற ஒண்ணை அழிச்சேன், பேஸ்ட் பண்ணா அழிச்சது வருது!

டி உண்மையில் அழிப்பதில்லை, வெட்டி வைத்துக்கொள்கிறது. நகலெடுத்ததும் வெட்டியதும் ஒரே இடத்துக்குப் போவதால் கடைசியாகச் செய்தது முந்தையதை மூடிவிடும். ஆனால் கடைசியாக ஒய் வைத்து நகலெடுத்தது 0 என்ற ரெஜிஸ்டரில் (வெட்டியதையும் நகலெடுத்ததையும் விம் வைக்கும் பெட்டிகளில் ஒன்று) தனியாகப் பத்திரமாக இருக்கும். இரட்டை மேற்கோள், 0, பி என்று தட்டினால் அது வந்துவிடும். எந்த ரெஜிஸ்டரில் என்ன இருக்கிறது என்று பார்க்க கோலன் அடித்து 'ரெஜ்'.

ஒய் ஒய் பண்ணினதை பிரவுசர்ல ஒட்ட முடியலையே?

விம்மின் ரெஜிஸ்டர் வேறு, கணினியின் கிளிப்போர்டு வேறு. இரட்டை மேற்கோள், கூட்டல் குறி, ஒய் ஒய் என்று தட்டினால் கிளிப்போர்டுக்குப் போகும். அதற்கு உங்கள் விம் கிளிப்போர்டு வசதியோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். பதிப்பு விவரத்தில் 'கிளிப்போர்டு' என்ற சொல்லுக்கு முன் கூட்டல் குறி இருந்தால் உண்டு, கழித்தல் இருந்தால் இல்லை. எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போயிருந்தால் விம் ஓடுவது சர்வரில், கிளிப்போர்டு இருப்பது உங்கள் லேப்டாப்பில். அங்கே மவுஸால் தேர்ந்தெடுத்து நகலெடுப்பதே சுலபம். விம் மவுஸைப் பிடித்துக்கொண்டால் ஷிஃப்டை அழுத்தியபடி தேர்ந்தெடுங்கள்.

வெளியிலிருந்து உள்ளே ஒட்டும்போது வரிகள் படிக்கட்டு மாதிரி வலது பக்கம் நகர்ந்துகொண்டே போனால், ஒட்டுவதற்கு முன் கோலன் அடித்து 'செட் பேஸ்ட்', ஒட்டியபின் 'செட் நோபேஸ்ட்'. இரண்டாவதை மறந்தால் தானாக உள்தள்ளுவது நின்றே போகும்.

தப்பா அழிச்சிட்டேன், திரும்ப வருமா?

யூ அழுத்துங்கள். அதிகமாகப் பின்னால் போய்விட்டால் கண்ட்ரோல் + ஆர். பெரிய யூ வேறு: கடைசியாக மாற்றிய வரியை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுபோகும். கோலன் அடித்து 'எர்லியர்', இடைவெளி, 10எம் என்றால் கோப்பு பத்து நிமிடத்துக்கு முன்பிருந்த நிலைக்குப் போகும். இதெல்லாம் கோப்பு திறந்திருக்கும்வரைதான். மூடித் திறந்த பிறகும் வேண்டுமென்றால் 'அன்டூஃபைல்' அமைப்பை முன்கூட்டியே போட்டு வைத்திருக்க வேண்டும்.

கண்ட்ரோல் எஸ் அடிச்சதும் எல்லாம் உறைஞ்சு போச்சு. கண்ட்ரோல் இசட் அடிச்சதும் விம்மே மறைஞ்சு போச்சு.

மற்ற மென்பொருள்களின் கைப்பழக்கம் இங்கே வேறு வேலை செய்கிறது. கண்ட்ரோல் + எஸ் என்பது டெர்மினலுக்கு 'திரையில் காட்டுவதை நிறுத்து' என்ற பழைய காலத்துச் செய்தி; பழைய விம் பதிப்புகளில் அது திரையை உறைய வைக்கும். கண்ட்ரோல் + க்யூ அழுத்தினால் உயிர் வந்துவிடும். கண்ட்ரோல் + இசட் விம்மை இடைநிறுத்தி, உங்களை ஷெல்லுக்கு (டெர்மினலில் கட்டளை அடிக்கும் இடம்) அனுப்பிவிடும். ஷெல்லில் எஃப்ஜி என்று அடித்து என்டர் தட்டினால் விட்ட இடத்திலேயே திரும்ப வரும். இது தெரியாமல் அதே கோப்பை இன்னொரு தடவை திறந்தால் என்ன ஆகும் என்பது கீழே ஸ்வாப் கேள்வியில் இருக்கிறது.

ஜே தட்டினா கீழே போகாம வரிகள் ஒண்ணா ஒட்டிக்குது.

கேப்ஸ் லாக். பெரிய ஜே அடுத்த வரியை இந்த வரியோடு சேர்க்கும். அணைத்துவிட்டு யூ தட்டுங்கள்.

அடியில 'ரெக்கார்டிங்'னு காட்டுது. என்னை யாராவது கண்காணிக்கிறாங்களா?

இல்லை. க்யூ அழுத்தி ஏதோ ஒரு எழுத்தையும் தட்டியிருக்கிறீர்கள். அதிலிருந்து நீங்கள் தட்டுவதெல்லாம் மேக்ரோவாக, அதாவது திரும்ப ஓட்டக்கூடிய விசைத் தொடராக, அந்த எழுத்தின் பெயரில் பதிவாகிறது. நார்மல் மோடில் இன்னொரு க்யூ தட்டினால் நின்றுவிடும். கோலன் க்யூ என்பதை அவசரத்தில் க்யூ கோலன் என்று தட்டினால் அடியில் பழைய கட்டளைகளோடு ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். அங்கேயும் கோலன் க்யூ, என்டர்.

வேண்டுமென்றே பயன்படுத்தினால் இது பெரிய வசதி. வரிக்கு ஒன்றாக ஐம்பது ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் மேற்கோளுக்குள் போட்டுக் கடைசியில் கமா வைக்க வேண்டும். முதல் வரியில் நின்று: க்யூ, ஏ, பெரிய ஐ, மேற்கோள், எஸ்கேப், பெரிய ஏ, மேற்கோள், கமா, எஸ்கேப், ஜே, க்யூ. பிறகு 49, அட் குறி, ஏ: ஏ-வில் பதிந்தது 49 தடவை ஓடும். எண்ணிப் பார்க்கச் சோம்பலாக இருந்தால் 500 என்றே போடலாம். கடைசி வரிக்குக் கீழே ஜே போக முடியாதபோது மேக்ரோ தானாக நிற்கும்.

கோப்பு முழுக்க ஒரு சொல்லை மாத்தணும்.

:%எஸ்/கடை/அங்காடி/ஜி என்ற வடிவம். சதவீதக் குறி எல்லா வரிகளிலும் என்பதற்கு, கடைசி ஜி ஒரு வரியில் எத்தனை தடவை வந்தாலும் என்பதற்கு. ஜி-க்குப் பின்னால் சி சேர்த்தால் ஒவ்வொரு இடத்திலும் கேட்டுக் கேட்டு மாற்றும். 'கடைசி' என்ற சொல் 'அங்காடிசி' ஆகாமல் இருக்க அதைச் சேர்த்துவிடுங்கள். மாற்ற வேண்டியதே கோப்புப் பாதையாக இருந்து அதில் ஸ்லாஷ் வந்தால், பிரிக்கும் குறியாக ஸ்லாஷுக்குப் பதில் # வைக்கலாம்.

கோப்பைத் திறந்ததும் இ325-னு பெரிய எச்சரிக்கை வருது. எதை அழுத்தணும்?

விம் ஒரு கோப்பைத் திறந்திருக்கும்போது அதன் பெயருக்கு முன்னால் புள்ளியும் பின்னால் .எஸ்டபிள்யூபி-யும் சேர்த்து ஒரு ஸ்வாப் கோப்பை வைத்திருக்கும். அது ஏற்கெனவே இருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று: வேறெங்கோ இதே கோப்பு திறந்திருக்கிறது, அல்லது போன தடவை இணைப்பு அறுந்து விம் பாதியில் செத்துப்போனது. செய்தியை நிதானமாகப் படியுங்கள். அந்த விம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் சொல்லும். ஓடினால் க்யூ அழுத்தி வெளியே வந்து அதைத் தேடுங்கள். பாதி நேரம் அது நீங்களே கண்ட்ரோல் + இசட் போட்டு மறந்த விம்மாக இருக்கும், எஃப்ஜி போதும்.

செத்துப்போனதுதான் என்றால் ஆர் அழுத்தி மீட்டெடுங்கள், சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சேமியுங்கள், பிறகு ஸ்வாப் கோப்பை அழித்துவிடுங்கள். மீட்டதோடு விட்டுவிட்டால் ஸ்வாப் அங்கேயே கிடக்கும், அடுத்த தடவையும் இதே எச்சரிக்கை வரும்.

அரை மணி நேரம் எடிட் பண்ணினேன். சேமிக்கப் போனா அனுமதி இல்லைங்குது!

நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ இல்லாமல் திறந்துவிட்டீர்கள். வெளியே வராதீர்கள். கோலன், டபிள்யூ, இடைவெளி, ~/புதுப்பெயர் என்று உங்கள் ஹோம் கோப்புறையில் சேமித்துவிட்டு, ஷெல்லில் சூடோவோடு சிபி (நகலெடுக்கும்) கட்டளை கொடுத்து மூலக் கோப்பின் மேல் நகலெடுங்கள். எம்வி (நகர்த்தும் கட்டளை) வேண்டாம், அது உங்கள் பெயரிலுள்ள கோப்பையே அங்கே கொண்டுபோய் வைக்கும், உரிமையாளர் மாறிவிடுவார்.

புது உபுண்டுவில் இன்சர்ட் மோடில் அம்புக்குறி அழுத்தினா ஏ, பி-னு எழுத்து விழுது.

டெபியன், உபுண்டுவில் முதலிலேயே வருவது விம்-டைனி என்ற குறைத்த பதிப்பு. அது விஐ என்ற பெயரில் பழைய விஐ மாதிரியே நடந்துகொள்ளும். அம்புக்குறி அனுப்புகிற குறியீட்டின் கடைசி எழுத்து அப்படியே கோப்பில் விழுகிறது (இங்கே பி என்பது பேஸ்டின் பி அல்ல, ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்து). கோலன் அடித்து 'செட் நோகம்பேட்டிபிள்' கொடுத்தால் சரியாகும். முழு விம்மை நிறுவிக்கொண்டால் தொல்லையே இல்லை.

விம்மா, நியோவிம்மா? யாரோட கான்ஃபிக்கை எடுத்துக்கலாம்?

நெதர்லாந்துக்காரரான பிராம் மோலனார் 1991-ல் வெளியிட்டது விம். பிடித்திருந்தால் உகாண்டாவின் கிபாலேயில் உள்ள குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று கேட்டு இலவசமாகக் கொடுத்தார். 2023 ஆகஸ்டில் காலமானார், விம்மை மற்றவர்கள் தொடர்ந்து பராமரிக்கிறார்கள். நியோவிம் 2014-ல் அதிலிருந்து பிரிந்தது. இந்தப் பக்கத்தில் உள்ள விசைகள் இரண்டிலும் வேலை செய்யும். யாருடைய கான்ஃபிக்கையும் எடுக்காதீர்கள். அவர் மாற்றி வைத்த விசை உங்கள் சர்வரில் இருக்காது. முதலில் ஷெல்லில் 'விம்டியூட்டர்' என்று அடித்து அந்த அரை மணி நேரப் பாடத்தைச் செய்யுங்கள்.

தமிழில் எழுதும்போது எஸ்கேப் அழுத்தின பிறகு ஒரு கட்டளையும் வேலை செய்யல.

தமிழ் 99 விசைப்பலகை இன்னும் ஆனில் இருக்கிறது. கீழே போக ஜே தட்டினால் விம்முக்குப் போய்ச் சேருவது 'ப'. மேலே போக கே தட்டினால் 'ம'. அப்படி ஒரு கட்டளை அதற்குத் தெரியாது. எஸ்கேப்புக்கு முன் ஒவ்வொரு தடவையும் ஆங்கிலத்துக்கு மாற்றுவது ஒரு வழி, கொஞ்ச நேரத்தில் வெறுத்துப்போகும். 'லாங்மேப்' என்ற அமைப்பில் ப என்றால் ஜே, ம என்றால் கே என்று எழுதி வைக்கலாம். எழுத்தை உடனே அனுப்பாமல் சேர்த்து வைத்துக் காத்திருக்கும் உள்ளீட்டு முறைகளில் அது சரிவராது.

நல்ல வழி விம்முக்குள்ளேயே இருக்கும் 'கீமேப்'. கணினி ஆங்கிலத்திலேயே இருக்கும்; எழுதும்போது மட்டும், எஃப்-க்குப் பின் தட்டும் எழுத்துக்கும் சேர்த்து, விம் தமிழாக மாற்றிக்கொள்ளும். எஸ்கேப் அழுத்தியதும் ஜே மறுபடி ஜேதான். இன்சர்ட் மோடில் கண்ட்ரோல் + ^ அழுத்தி ஆன், ஆஃப் செய்யலாம். விம்மோடு வருகிற தமிழ் கீமேப் பழைய டிஸ்கி குறியாக்கத்துக்கானது, இன்றைய யூனிகோடுக்கு உதவாது. ஆனால் கீமேப் கோப்பு என்பது இடப்பக்கம் விசை, வலப்பக்கம் எழுத்து என்று வரி வரியாக எழுதிய பட்டியல்தான். அந்தக் கோப்பையே மாதிரியாக வைத்து, தமிழ் 99-க்கு ஏற்ப நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

'கீ' மேல எக்ஸ் தட்டினா முழுசா போயிடுது. நெடிலை மட்டும் எடுக்க முடியாதா?

முடியும். கோலன் அடித்து 'செட் டெல்கம்பைன்' கொடுங்கள். பிறகு எக்ஸும் பேக்ஸ்பேஸும் ஒட்டியிருக்கும் குறியைத் தனியாக எடுக்கும், 'க' நிற்கும். கர்சர் எழுத்துக்கு நடுவில் நிற்பது, குறிகள் பிரிந்து தெரிவது போன்றவை டெர்மினல் தமிழைக் காட்டும் விதத்தால் வருபவை. கோப்பில் எழுத்துகள் சரியாகவே இருக்கும். சந்தேகமென்றால் சேமித்து பிரவுசரில் திறந்து பாருங்கள்.